உள்ளே விடலைன்னா வீட்டையே இடிச்சுடுவீங்களா?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி, அதனால ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஈ ஓடிட்டு இருந்துச்சு. ரொம்ப நாளா மனசுல கிடக்கிற ஒரு மேட்டரை இன்னைக்கு இறக்கி வெச்சிடறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுட்டு வந்து உட்காருங்க.

லினக்ஸ் வெச்சிருக்கிற எல்லாருக்கும் ஒரு நாள் இது வரும். ராத்திரி அப்டேட் போடவான்னு பொட்டி கேட்குது, சரின்னு தலையாட்டுறோம். காலையில ஆன் பண்ணா லாகின் திரை வருது. பாஸ்வேர்ட் போடறோம். திரை ஒரு நொடி கறுப்பாகுது. மறுபடியும் அதே லாகின் திரை. இன்னொரு தடவை நிதானமா, ஒவ்வொரு எழுத்தா போடறோம். மறுபடியும் கறுப்பு, மறுபடியும் அதே திரை. நாலாவது தடவை விரல் நடுங்குது. உடனே "லினக்ஸ் தெரிஞ்ச" ஒருத்தருக்கு ஃபோன் போடறோம். அந்தப் பக்கத்துல இருந்து முதல் பதில் என்ன வரும்னு உங்களுக்கே தெரியும்.

"ஃபார்மட் போட்டுரு மாப்ள. அரை மணி நேரத்துல முடிஞ்சுடும்."

இந்தப் பதிலை நான் எதிர்க்கிறேன். சோம்பேறித்தனமான பதில், பல சமயம் ஆபத்தான பதிலும் கூட. சாவி திரும்பலைன்னா பூட்டு ரிப்பேர் பண்றவரைக் கூப்பிடுவோமா, புல்டோசரைக் கூப்பிடுவோமா? கணினி விஷயத்துல மட்டும் புல்டோசர்காரர் நம்பரைத்தான் எல்லாரும் கையில வெச்சிருக்கோம்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். "உள்ளே விடமாட்டேங்குது"ன்னு நாம ஒரே வார்த்தையில சொல்றது ரெண்டு தனித்தனி வியாதி. வெளியில பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மருந்து வேற வேற.

முதல் வகை, வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் உங்களை அடையாளம் தெரியலைன்னு திருப்பி அனுப்பறது. பாஸ்வேர்ட் தப்புன்னு திரையிலயே எழுதிக் காட்டும். ரெண்டாவது வகை, வாட்ச்மேன் சல்யூட் அடிச்சு உள்ளே விட்டுட்டார், ஆனா நீங்க ஹாலுக்குள்ள காலை வெச்சதும் தரை உடைஞ்சு மறுபடியும் வாசல்ல வந்து விழறீங்க. கறுப்பாகி, திரும்ப லாகின் திரைக்கே வர்றது பெரும்பாலும் இந்த வகை. உங்க பாஸ்வேர்ட் சரி, கணக்கு சரி, கோப்புகள் வட்டுல பத்திரமா இருக்கறதுக்கே வாய்ப்பு அதிகம். அதுக்கு அப்புறம் திறக்க வேண்டிய டெஸ்க்டாப்தான் திறக்கலை.

இங்கே லினக்ஸ் செய்யறவங்க மேல எனக்கு ஒரு கோபம் இருக்கு. வாட்ச்மேன் வாயை மூடிட்டு இருக்கறதுக்கு நியாயமான காரணம் உண்டு. யூசர்நேம் தப்பா, பாஸ்வேர்ட் தப்பான்னு பிரிச்சுச் சொன்னா திருடனுக்குப் பாதி வேலை மிச்சம். ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 1979-ல யூனிக்ஸ் பாஸ்வேர்ட் பாதுகாப்பு பத்தி எழுதின கட்டுரையிலயே இது வருது. இல்லாத யூசர்நேம் போட்டா சிஸ்டம் சீக்கிரமா மறுத்துடும், இருக்கிற யூசர்நேம்னா பாஸ்வேர்டை சரிபார்க்க நேரம் எடுக்கும், அந்த நேர வித்தியாசத்தை வெச்சே யார் யாருக்குக் கணக்கு இருக்குன்னு கண்டுபிடிச்சுடலாம். அதனால ரெண்டுக்கும் ஒரே நேரம் எடுக்கிற மாதிரி மாத்தினாங்க. அந்த மௌனத்துக்கு அர்த்தம் இருக்கு.

ஆனா பாஸ்வேர்ட் சரின்னு ஏத்துக்கிட்ட அப்புறமும் எதுக்கு மௌனம்? நான்தான் நான்னு நிரூபிச்சாச்சு. இனிமே என்கிட்ட என்ன ரகசியம்? "வட்டு நிறைஞ்சிருக்கு, அதனால டெஸ்க்டாப்பைத் திறக்க முடியலை"ன்னு ஒரு வரி திரையில போட்டா குடியா முழுகிடும்? இந்தக் காரணமெல்லாம் லாக் கோப்புல கொட்டிக் கிடக்கும். திரையில மட்டும் பேச்சு மூச்சு இருக்காது. ஜனங்க ஃபார்மட் பக்கம் ஓடறதுல பாதிப் பாவம் இந்த ஊமைத் திரைக்குத்தான்.

சரி, திட்டினது போதும். செய்ய வேண்டியதைப் பார்ப்போம். உபுண்டு, மின்ட், டெபியன் குடும்பத்தை மனசுல வெச்சு சொல்றேன். கட்டளைகளை ஃபோன்ல சொல்ற மாதிரியே தமிழ்ல எழுதறேன், தட்டும்போது நீங்க ஆங்கிலத்துல தட்டிக்குங்க.

முதல்ல கையை எடுங்க. பதட்டத்துல பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிக்காதீங்க. ஆர்ச் மாதிரி சில லினக்ஸ்கள்ல 15 நிமிஷத்துக்குள்ள 3 தடவை தப்பாப் போட்டா கணக்கு 10 நிமிஷம் பூட்டிக்கும். அந்த 10 நிமிஷமும் சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் திறக்காது. "இப்போ சரியான பாஸ்வேர்டும் வேலை செய்யலையே"ன்னு அலறுறவங்கள்ல சிலருக்கு வியாதியே இதுதான்.

அடுத்து விசைப்பலகை. நம்ம பதிவர் ஜாதிக்கு இது ரொம்பப் பொருந்தும். தமிழ்99-லயோ வேற தமிழ் விசைப்பலகையிலயோ தட்டறவங்க பொட்டியில ரெண்டு விசைப்பலகை இருக்கும். லாகின் திரையில தமிழ் தேர்வாகி இருந்தா நீங்க போடற பாஸ்வேர்ட் 'கசடதபற'வா உள்ளே போயிட்டு இருக்கும், உங்களுக்குத் தெரியறது வெறும் புள்ளி. லாகின் திரை மூலையில எந்த மொழின்னு காட்டற சின்ன எழுத்தைப் பாருங்க. புது குனோம்ல பாஸ்வேர்ட் பெட்டிக்குள்ளயே ஒரு கண் படம் இருக்கும், அதை அமுக்கினா என்ன தட்டறீங்கன்னு கண்ணுக்குத் தெரியும். கேப்ஸ் லாக்கையும் ஒரு பார்வை பாருங்க. சிரிக்காதீங்க :)

இது ரெண்டும் இல்லைன்னா, லினக்ஸ் வெச்சிருக்கிற ஒவ்வொருத்தரும் முதல் நாளே தெரிஞ்சுக்க வேண்டிய கொல்லைக் கதவு ஒண்ணு இருக்கு. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அமுக்குங்க. படம் கிடம் இல்லாத கறுப்புத் திரை வரும். யூசர்நேம் தட்டுங்க, பாஸ்வேர்ட் தட்டுங்க. பாஸ்வேர்ட் தட்டும்போது புள்ளி கூட வராது, பயப்படாதீங்க. உள்ளே போயிட்டீங்களா? பாதிக் கிணறு தாண்டியாச்சு. கர்னல் ஓடுது, வட்டு படிக்குது, பாஸ்வேர்ட் சரி. கோளாறு டெஸ்க்டாப் பக்கம்தான். உள்ளே விடலைன்னா கோளாறு வாட்ச்மேன் பக்கம். இந்த ஒரே சோதனையில வியாதி ரெண்டா பிரிஞ்சுடுது. ஃபார்மட் போடச் சொல்றவங்க இதை எப்பவாவது கேட்டிருக்காங்களா?

இந்தக் கதவு வழியா போன அப்புறம் வழக்கமான சந்தேகப் பேர்வழிகளை வரிசையா விசாரிக்கலாம்.

ஒண்ணு, வட்டு நிறைஞ்சு போறது. அப்டேட் நூத்துக்கணக்குல பொட்டலத்தை இறக்கி வெச்சிருக்கும், பழைய கர்னல்கள் வேற குவிஞ்சு கிடக்கும். டெஸ்க்டாப் திறக்கும்போது சில சின்னக் கோப்புகளை எழுதியாகணும், எழுத இடம் இல்லைன்னா அப்படியே சுருண்டு விழுந்துடும். 'டிஎஃப் -எச்' தட்டினா எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு தெரியும். 100 சதவீதம்னு வந்தா திருடன் சிக்கிட்டான். 'சூடோ ஆப்ட் க்ளீன்' போட்டா இறக்கி வெச்ச பொட்டலங்கள் போகும், மூச்சு விடற அளவுக்கு இடம் கிடைக்கும்.

ரெண்டு, பாதியில நின்ன அப்டேட். நடுவுல கரண்ட் போயிருக்கும், இல்ல அவசரத்துல மூடியைச் சாத்தியிருப்பீங்க. பாதிப் பொட்டலம் புதுசு, பாதி பழசு. 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' போட்டா விட்ட இடத்துல இருந்து தொடரும். அதுக்கு அப்புறம் 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்'. ரெண்டு வரி, அவ்வளவுதான்.

மூணு, கோப்பு உரிமை. உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ள புள்ளியில தொடங்கற 'எக்ஸ்அத்தாரிட்டி'ன்னு ஒரு சின்னக் கோப்பு இருக்கும். சூடோ போட்டு கிராஃபிக்ஸ் சமாச்சாரம் எதையாவது ஓட்டினா இந்தக் கோப்பு ரூட் பேருக்குப் பட்டா மாறிடறது உண்டு. எக்ஸ் முறையில ஓடற டெஸ்க்டாப் இதை எழுதப் பார்க்கும், உரிமை இல்லாம விழுந்துடும். 'எல்எஸ் -எல்' போட்டு யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. ரூட்னு இருந்தா 'சூடோ சோன்' போட்டு உங்க பேருக்கு மாத்துங்க. இது அப்டேட்டுக்கு முன்னாடியே நடந்திருக்கும், அடுத்த ரீஸ்டார்ட்லதான் வெளியில தெரியும். பழி மட்டும் அப்டேட் மேல.

நாலு, கிராஃபிக்ஸ் டிரைவர். கர்னல் புதுசா வரும்போது என்விடியா டிரைவரும் அந்தக் கர்னலுக்குப் பொருந்தற மாதிரி மறுபடி கட்டப்படணும். கட்டற வேலை எங்கேயாவது தடுக்கினாலோ, செக்யூர் பூட் அந்த டிரைவரை ஏத்துக்கலைன்னாலோ படம் வராது. இதுக்கு அழகான சோதனை ஒண்ணு உண்டு. கணினி கிளம்பும்போது ஷிஃப்ட் அழுத்திப் பிடிங்க, புது பொட்டின்னா எஸ்கேப் தட்டுங்க. க்ரப் மெனு வரும். அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் உள்ளே போனா முந்தைய கர்னல் உட்கார்ந்திருக்கும். அதுல கிளப்புங்க. ஜம்முனு உள்ளே போச்சுன்னா புதுக் கர்னலுக்கும் டிரைவருக்கும் நடுவுலதான் சண்டை. அந்தப் பழைய கர்னலை உபுண்டு விட்டு வைக்கிறதே இந்த மாதிரி நாளுக்காகத்தான்.

அஞ்சு, உங்க சொந்த அமைப்புகள். குனோம் பெரிய பதிப்பு மாறும்போது பழைய எக்ஸ்டென்ஷன் ஒண்ணு முரண்டு பிடிக்கும். இதுக்கு, கறுப்புத் திரையில 'சூடோ ஆட்யூசர்' போட்டு சோதனைக்குன்னு புது ஆளை உருவாக்குங்க. அந்த ஆள் லாகின் திரை வழியா நல்லா உள்ளே போனா சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு, கோளாறு உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ள இருக்கிற அமைப்புக் கோப்புலதான். சந்தேகப்படற ஃபோல்டரைப் பேர் மாத்தி ஓரமா வைங்க. அழிக்காதீங்க. பேர் மாத்தினதைத் திருப்பிக் கொண்டு வரலாம், அழிச்சதைக் கொண்டு வர முடியாது.

இதுல எதுவும் இல்லைன்னா 'ஜர்னல்சிடிஎல் -பி' தட்டுங்க, பாம்பே பி. இந்தத் தடவை கணினி கிளம்பினதுல இருந்து நடந்த அத்தனையும் வரும். சிவப்பா இருக்கிற வரிகளைப் படிங்க. முழுசா புரியணும்னு அவசியமே இல்லை. அந்த வரியை அப்படியே தேடினா உங்களுக்கு முன்னாடி அதே குழியில விழுந்தவர் ஒருத்தராவது இருப்பார்.

கறுப்புத் திரையிலயும் உள்ளே விடலைன்னா? அப்போ வாட்ச்மேனைத்தான் விசாரிக்கணும். லினக்ஸ்ல இந்த வேலையைப் பார்க்கறது பாம். பேரைக் கேட்டு ஓடாதீங்க, வெடிக்கற பாம் இல்லை :) 1995-ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல பிறந்த யோசனை, அப்புறம் லினக்ஸுக்கும் வந்துச்சு. யாரை உள்ளே விடணும்கிறதுக்கு ஒரு பட்டியல், பட்டியல்ல ஒவ்வொரு வரியும் ஒரு சின்ன நிரலைக் கூப்பிடும். அந்த நிரல் வட்டுல இல்லாம போச்சுன்னா வாட்ச்மேன் குழம்பி எல்லாரையும் வெளியில நிறுத்திடுவார், பாஸ்வேர்ட் சரியா இருந்தாலும்.

இது நிஜமா நடந்தது. தப்பா பாஸ்வேர்ட் போடறவங்களை எண்ணிப் பூட்டறதுக்கு 'பாம் டாலி 2'ன்னு ஒரு நிரல் இருந்துச்சு. பாதுகாப்பை இறுக்கறேன்னு அதைப் பட்டியல்ல சேர்த்தவங்க ஏராளம். 2020-ல வந்த லினக்ஸ் பாம் 1.4.0-ல அதை ஓரங்கட்டினாங்க, அதே வருஷம் 1.5.0-ல முழுசா தூக்கிட்டாங்க. பட்டியல்ல பழைய வரி அப்படியே இருக்க, நிரல் மட்டும் காணாம போனா என்ன ஆகும்? சரியான பாஸ்வேர்டோட வாசல்ல நிக்க வேண்டியதுதான். தீர்வு, ரெக்கவரி மோடுலயோ லைவ் யுஎஸ்பிலயோ கிளம்பி, பட்டியல்ல அந்த ஒரு வரியை எடுக்கறது. ஒரே ஒரு வரி. அதுக்குப் போய் வட்டையே துடைச்ச ஆட்கள் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரெக்கவரி மோடு கிடைச்சதும் முதல் வேலையா பாஸ்வேர்டை மாத்தாதீங்க. ரெண்டாவது வகை வியாதிக்கு அது மருந்தே இல்லை. 18.04-க்கு முந்தைய உபுண்டு இன்ஸ்டாலர்ல ஹோம் ஃபோல்டரை மட்டும் பூட்டி வைக்கிற வசதி இருந்துச்சு. அப்போ போட்டதையே அப்கிரேட் பண்ணிட்டு வர்ற பொட்டின்னா, பூட்டைத் திறக்கிற சாவியே உங்க பழைய பாஸ்வேர்டாலதான் சுத்தி வெச்சிருக்கும். ரூட்ல இருந்து புது பாஸ்வேர்ட் போட்டா அந்தச் சாவி திரும்பாது. இருந்த சிக்கலுக்கு மேல இன்னொரு சிக்கல்.

இவ்வளவு படிச்ச அப்புறம் "யப்பா, இதுக்கு ஃபார்மட்டே தேவலாம்"னு தோணுதா? நியாயம். ஆனா ஒரு விஷயம் கேளுங்க.

என் நண்பனோட அப்பா, ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், தஞ்சாவூர் பக்கம். சுத்துப்பட்டு ஊர்கள்ல வயலுக்கும் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் ஜனங்க வாய்மொழியா என்ன பேர் சொல்றாங்கன்னு சேகரிக்கிறவர். சைக்கிள்ல போய், திண்ணையில உட்கார்ந்து, கேட்டு எழுதி, வீட்டுக்கு வந்து தமிழ்99-ல தட்டுவார். 6 வருஷ வேலை. மகன் போட்டுக் கொடுத்த உபுண்டு. ஒரு நாள் அப்டேட்டுக்கு அப்புறம் நான் மேல சொன்ன அதே கறுப்பு, அதே லாகின் திரை. மகன் வெளிநாட்டுல. டவுன்ல ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனார். ஒரு மணி நேரத்துல ஜம்முனு விண்டோஸ் போட்டுக் கொடுத்துட்டாங்க. "உள்ளே ஏதாவது முக்கியமா இருக்கா"ன்னு ஒரு வார்த்தை கேட்கலை.

அப்புறம் நாங்க மீட்டெடுக்கப் பார்த்தோம். உதிரியா ஏதோ சில பக்கங்கள் கிடைச்சது. அந்தப் பேர்களைச் சொன்னவங்க எல்லாம் வயசானவங்க, மறுபடி போய்க் கேட்கலாம்னா பாதிப் பேர் இப்போ இல்லை. அவர் என்கிட்ட சொன்னது, "கடைக்காரப் பையன் என்ன பண்ணுவான் தம்பி, அவனுக்குத் தெரிஞ்சதைத்தானே செய்வான்".

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் என்னன்னா, அந்தப் பொட்டிக்கு என்ன வியாதின்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வட்டு நிறைஞ்சிருந்ததா, டிரைவரா, பாதி அப்டேட்டா? தெரிஞ்சுக்க வழியே இல்லை. காரணத்தையும் சேர்த்துத்தானே துடைச்சாச்சு.

கடைக்காரப் பையனை நானும் திட்டலை. அவர் பக்கத்துக் கணக்கைப் பாருங்க. ஃபார்மட்டுக்கு ரேட் இருக்கு. லாக் படிச்சுப் பார்க்கிறதுக்கு ரேட் கிடையாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிச்சு ஒரே வரியை மாத்திக் கொடுத்தா, "ஒரு வரிக்கா இவ்வளவு?"ன்னு நாமதான் பேரம் பேசுவோம். வட்டைத் துடைச்சு எல்லாத்தையும் புதுசாப் போட்டா "பெரிய வேலை பார்த்திருக்கார்"னு கேட்ட காசைக் கொடுப்போம். கண்டுபிடிக்கிறதுக்குக் காசு கொடுக்காத ஊர்ல யார் கண்டுபிடிப்பாங்க? ஆபீஸ்லயும் இதே கதைதான். "ரீஸ்டார்ட் பண்ணேன், சரியாயிடுச்சு"ன்னு டிக்கெட்டை மூடறவருக்கு நல்ல பேர். ஏன் விழுந்துச்சுன்னு தோண்டறவருக்கு "ரொம்ப டைம் எடுக்கிறார்"னு பேர்.

தோண்டறவங்களால உலகமே தப்பிச்ச கதை ஒண்ணு சொல்லவா? 2024 மார்ச். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்னு ஒரு எஞ்சினியர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஆள், மைக்ரோசாஃப்ட்ல வேலை. அவர் வெச்சிருந்தது டெபியனோட அன்ஸ்டேபிள் பதிப்பு, புதுப் புது அப்டேட் வந்துட்டே இருக்கும். எஸ்எஸ்எச் வழியா உள்ளே போறதுக்கு வழக்கத்தை விட அரை செகண்டு அதிகமா ஆகுது. நாமளா இருந்தா "நெட் ஸ்லோ"ன்னு விட்டிருப்போம். அவர் விடலை. தோண்டினா, எக்ஸ்இசட்ங்கிற ஒரு சின்ன சுருக்கும் நிரலோட 5.6.0, 5.6.1 பதிப்புகள்ல எவனோ கள்ளக் கதவு வெச்சிருக்கான். ரெண்டு வருஷத்துக்கும் மேல நல்ல பிள்ளையா உதவி செஞ்சு, நம்பிக்கை சம்பாதிச்சு, அப்புறம் வெச்ச கதவு. மார்ச் 29-ந் தேதி அவர் உலகத்துக்குச் சொன்னார். பரவலா எல்லார் கணினிக்கும் போறதுக்கு முன்னாடியே பிடிபட்டுடுச்சு. அப்டேட்டுக்கு அப்புறம் லாகின் கொஞ்சம் விசித்திரமா இருக்கேன்னு ஒருத்தர் யோசிச்சதோட பலன் இது. அன்னைக்கு அவர் ஃபார்மட் போட்டுட்டு வேலையைப் பார்க்கப் போயிருந்தா?

இதெல்லாம் லினக்ஸோட தலைவலி, விண்டோஸ்ல இல்லைன்னு யாராவது ஆரம்பிக்கறதுக்குள்ள, 2024 ஜூலை 19-ஐ ஞாபகப்படுத்திடறேன். க்ரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளோட தப்பான அப்டேட் ஒண்ணு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில நிறுத்திடுச்சுன்னு மைக்ரோசாஃப்ட்டே கணக்கு சொன்னது. விமானம் பறக்கலை, ஆஸ்பத்திரி திணறுச்சு. அதுக்குத் தீர்வு என்ன தெரியுமா? சேஃப் மோடுல போய் ஒரு கோப்பை அழிக்கறது. அத்தனை பெரிய கலாட்டாவுக்கும் காரணம் ஒரு சின்னக் கோப்புதான். அப்டேட் கோளாறுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

எதிர்க்கட்சிக்காரங்க பேச்சையும் கேட்டுடுவோம்.

"நான் பேக்கப் வெச்சிருக்கேன், எனக்கு ஃபார்மட்தான் வேகம்." பேக்கப் இருக்கா? அப்போ தாராளமா போடுங்க ராசா, உங்களை யார் தடுத்தா? ஒரே ஒரு வேண்டுகோள், துடைக்கறதுக்கு முன்னாடி காரணத்தை மட்டும் பார்த்துடுங்க. கர்னலுக்கும் உங்க கிராஃபிக்ஸ் கார்டுக்கும்தான் சண்டைன்னா, புதுசாப் போட்டு அப்டேட் பண்ணினதும் அதே சண்டை மறுபடி வரும். அப்புறம் "லினக்ஸே சரியில்லை"ன்னு பதிவு போடுவீங்க.

"அப்டேட்டே போடாம இருந்துட்டா?" இது அதை விட மோசம். ஓட்டை அடைக்கிற வேலையும் அப்டேட்லதான் வருது. மருந்து கசக்குதுன்னு தடுப்பூசியே வேணாம்னு சொல்ற மாதிரி. முக்கியமான வேலைக்கு முந்தின ராத்திரி போடாதீங்க, வெள்ளிக்கிழமை சாயந்திரம் போடுங்க. கரண்ட், பேட்டரி, வட்டுல இடம் மூணையும் பார்த்துட்டுப் போடுங்க.

"எல்லாருக்கும் கறுப்புத் திரை வருமா? எங்க அம்மாகிட்ட போய் டிஎஃப்னு சொல்ல முடியுமா?" நல்ல கேள்வி. அம்மா செய்ய வேண்டாம். நாமதான் செய்யணும். நாம லினக்ஸ் போட்டுக் கொடுக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு லைவ் யுஎஸ்பியும் சேர்த்துக் கொடுக்கணும். வட்டைப் பூட்டி வெச்சிருந்தா அந்தப் பூட்டோட கடவுத்தொடரை ஒரு நோட்டுல எழுதி பீரோவுல வைக்கச் சொல்லணும். கணினி என்ன அடம் பிடிச்சாலும் லைவ் யுஎஸ்பில கிளம்பி, ஹோம் ஃபோல்டரை வெளி வட்டுக்கு நகல் எடுத்துடலாம். நகல் கைக்கு வந்த அப்புறம் எதை வேணா செய்யலாம், ஃபார்மட் உட்பட. வாத்தியார் வீட்டுல அந்த யுஎஸ்பி ஒண்ணு இருந்து, அதைப் போட்டுப் பார்க்கத் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இருந்திருந்தா போதும்.

ஒரு விதிவிலக்கு. வட்டே சாகிற நிலைமையில இருந்தா, கடகடன்னு சத்தம் வந்தா, லாக்ல வட்டைப் படிக்க முடியலைன்னு வரி வரியா வந்தா, திரும்பத் திரும்ப ஆன் பண்ணி ஆராய்ச்சி பண்ணாதீங்க. முதல்ல நகல், அப்புறம்தான் வைத்தியம்.

இன்டர்நெட்ல கிடைக்கிற பழைய வைத்தியத்தையும் தேதி பார்த்துச் சாப்பிடுங்க. என்விடியா தகராறா, லாகின் திரையில சக்கரப் படத்தை அமுக்கி எக்ஸ்ஆர்க் செஷனுக்கு மாறுங்கன்னு நூறு இடத்துல எழுதியிருப்பாங்க. ரொம்ப வருஷம் நல்லா வேலை செஞ்ச வைத்தியம். 2025 அக்டோபர்ல வந்த உபுண்டு 25.10-ல குனோமுக்கு அந்த செஷனே கிடையாது, வேலேண்ட் மட்டும்தான். இல்லாத சக்கரத்தைத் தேடி அரை நாள் போயிடும்.

கடைசியா ஒண்ணு. நம்ம ஒவ்வொருத்தருக்கும் சொந்தத்துல, தெருவுல, நட்புல "கம்ப்யூட்டர் தெரிஞ்ச தம்பி"ன்னு ஒரு பட்டம் இருக்கும். அடுத்த தடவை அந்த ஃபோன் வரும்போது ஃபார்மட்ங்கிற வார்த்தையை வாயிலயே வெச்சுக்கிட்டு மூணு கேள்வி கேளுங்க. பாஸ்வேர்ட் தப்புன்னு எழுதிக் காட்டுதா, இல்ல கறுத்துட்டுத் திரும்புதா? கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அமுக்கினா என்ன வருது? உள்ளே என்னென்ன வெச்சிருக்கீங்க, அதுக்கு வேற எங்கேயாவது நகல் இருக்கா?

மூணாவது கேள்விக்கு "இல்லையேப்பா"ன்னு பதில் வந்தா, ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைத் தியாகம் பண்ணிட்டு ஒரு யுஎஸ்பியை எடுத்துக்கிட்டு நேர்ல கிளம்பிடுங்க. சாப்பாடு அங்கேயே கிடைக்கும் :)

டிஸ்கி: ஃபெடோரா, ஆர்ச் கட்சிக்காரங்க சண்டைக்கு வராதீங்க, பொட்டலக் கட்டளைகள் மட்டும்தான் மாறும், விசாரணை முறை ஒண்ணுதான். உங்க பொட்டி உங்களை வாசல்ல நிறுத்தினப்போ கடைசியில எந்தத் திருடன் சிக்கினான்னு பின்னூட்டத்துல எழுதுங்க. நாளைக்கு அதே குழியில விழறவருக்கு உதவும்.